நாய்க்குட்டி வாங்க இன்டர்நெட்டில் தேடுகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் கனெக்‌ஷனும் வந்துவிட்டது. இனி வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொன்றைத் தேடித் தரச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் என் தங்கை தேடச் சொன்னது லாப்ரடார் நாய்க்குட்டி.

நாங்கள் இருப்பது தாம்பரத்தை அடுத்த சேலையூரில். விளம்பரங்கள் வரும் ஒரு வெப்சைட்டில் ஊர்ப் பெயரையும் இனத்தையும் டைப் செய்ததுமே திரை முழுக்கக் குட்டிகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து போன் செய்தேன். "நீங்க வீட்டுக்கு வர வேண்டாம் சார். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு நானே கொண்டு வர்றேன்" என்றார் விற்பவர். இரவு எட்டரை மணிக்கு ஒரு அட்டைப் பெட்டியில் குட்டி கைமாறியது. மறுநாள் மாலை வாந்தி. அதற்கடுத்த நாள் ரத்தம் கலந்த பேதி. ஐந்தாம் நாள் குட்டி இறந்துவிட்டது.

பார்வோ வைரஸ் என்றார் டாக்டர். இந்தக் கிருமி தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே பொதுவாக 3 முதல் 7 நாட்கள் ஆகும். எங்களிடம் வந்த மறுநாளே நோய் தெரிந்துவிட்டதால், விற்றவர் வீட்டிலிருந்தே அது நோயோடு வந்திருக்க வேண்டும். "ஆறு வாரம்கூட ஆகியிருக்காது தம்பி. கார்டுல தடுப்பூசி ஸ்டிக்கரே இல்லையே, பாக்கலையா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குவதற்குப் பத்து ரெவ்யூ படிப்பவன் நான்!

அன்றிரவு கம்ப்யூட்டரில் செய்த தேடலை முன்பே செய்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

படம் யாருடையது?

விளம்பரத்தில் உள்ள படத்தின் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் 'சேவ் இமேஜ் ஆஸ்' என்பதைக் கிளிக் செய்து டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். பிறகு கூகுளைத் திறந்தால், தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சிறிய கேமரா ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்து, சேமித்த படத்தை அப்லோடு செய்யுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கூகுள் காட்டும். 'டின்ஐ' என்ற வெப்சைட்டும் இதே வேலையைச் செய்கிறது. அதில் பழைய படம் முதலில் வருமாறு வரிசைப்படுத்தவும் முடியும்.

நான் தேடியபோது அதே குட்டி வேறு மூன்று ஊர்களின் விளம்பரங்களிலும் 'இருந்தது'.

ஒரு எச்சரிக்கை. கூகுள் 'அதே' படத்தோடு, 'அது போன்ற' படங்களையும் காட்டும். லாப்ரடார் குட்டிகள் எல்லாமே ஒன்று போலத்தான் தெரியும். எனவே குட்டியைப் பார்க்காதீர்கள். பின்னால் உள்ள தரை டைல்ஸ், நாற்காலி, சுவரின் நிறம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். படம் வேறு எங்கும் கிடைக்கவில்லை என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. ஏஐ மூலம் புதிதாகவே படம் உருவாக்கலாம். ஆகவே வீடியோ காலில் குட்டியையும் தாயையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள்.

போன் நம்பரைத் தேடுங்கள்

விற்பவரின் மொபைல் நம்பரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டும் தேடிப் பாருங்கள். ஒரே நம்பரில் பக், ஹஸ்கி, பெர்ஷியன் பூனை, கிளி என்று எல்லாமே விற்பனைக்கு வந்தால் அவர் நாய் வளர்ப்பவர் அல்ல; புரோக்கர். குட்டி எங்கே பிறந்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017 மே மாதம் விதிகளை வெளியிட்டது. இதன்படி, குட்டிகளை உற்பத்தி செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். ஒரு தாயை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி போட வைக்கக்கூடாது. எனவே போனில் முதல் கேள்வியாகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள்!

பெரிய இடம் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு நாய்களைக் காப்பதற்காகச் சைதாப்பேட்டையில் அரசே ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை நடத்தி வந்தது. நாய்கள் பராமரிக்கப்பட்ட விதம் குறித்துப் புகார் எழுந்து, அதை மூடும்படி 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மைக்ரோசிப் என்பது என்ன?

அரிசி மணி அளவுள்ள சிறிய கண்ணாடிக் குழாய். இதை ஊசி மூலம் நாயின் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. ரீடர் கருவியை அருகில் கொண்டுபோனால், அதன் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான். ஜிபிஎஸ் போல நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. 'சிப் போட்டாச்சு' என்று சொன்னால், ரீடரில் வரும் எண்ணும் பேப்பரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கால்நடை டாக்டரிடம் சரிபாருங்கள்.

கடைசிச் சோதனை

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒருவர் தேறிவிட்டாலும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு நேரில் போங்கள். தாய் நாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். வேறொரு நாயைத் தாய் என்று காட்டுபவர்களும் உண்டு. பால் கொடுக்கும் நாயின் மடி தொங்கியிருக்கும். குட்டிகளும் அதைத் தேடி ஓடும். தாய் எலும்பும் தோலுமாகக் கூண்டில் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பரிதாபப்பட்டு வாங்கினால் காலியான அந்தக் கூண்டில் அடுத்த ஈற்று வந்துவிடும். நான் கொடுத்த பணமும் அப்படி ஒரு கூண்டுக்குத்தான் போயிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முன்பணம் அனுப்பாதீர்கள். 'ஏர்போர்ட்டில் குட்டி காத்திருக்கிறது, இன்சூரன்ஸ் கட்டுங்கள்' என்பது பழைய மோசடி. யுபிஐயில் உங்களுக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. 'ரீஃபண்ட் தருகிறேன், பின் போடுங்கள்' என்றால் உஷார். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள்.

பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் நாங்கள் ஒரு வருடம் காத்திருந்தோம். பிறகு மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். தாய் வாசலிலேயே வந்து எங்களை முகர்ந்து பார்த்தது. அந்த வீட்டம்மா எங்களைத்தான் கேள்வி கேட்டார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மொட்டை மாடியில் கட்டிப் போடுவீர்களா? பிறகு, "இன்னும் அஞ்சு வாரம்தான் ஆகுது. மூணு வாரம் கழிச்சு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு திரும்பும்போது தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கோ, சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனம் முக்கியமில்லை என்பவர்கள் விலைக்கு வாங்கவே வேண்டியதில்லை. 1959ல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் வேளச்சேரியில்தான் இருக்கிறது. வீடு தேடும் குட்டிகள் அங்கே எப்போதும் உண்டு.