சித்திரக்கதையிற் குறிப்பெச்சம்

மட்டக்களப்பு வாவியிலே, கல்லடிப் பாலத்தை அடுத்த நீர்ப்பரப்பில், நிலவு காயும் இரவுகளில் ஓர் இன்னொலி எழுகின்றது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தியாகும். தோணியிற் செல்வோர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்தி அதனைக் கேட்பர். கேட்டவர் பலர், பாடுவது யாதெனக் கண்ணாற் கண்டவர் இலர். விபுலாநந்த அடிகள் (1892–1947) அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு பாடினார். ஓவியரோ, பாதி பெண்ணும் பாதி மீனுமாகிய மீன்மகளை வரைந்தனர். செய்யுளைக் கற்பவன் தன் உள்ளத்துக்கு இசைந்த நீரரமகளைக் காண்கின்றான். ஓவியத்தை நோக்குபவனோ ஓவியன் கண்டவளையே காண்கின்றான். மிகச் சிறிய கதையொன்றைச் சித்திரக்கதையாக்க முற்படுவோர் எதிர்ப்படும் இடர்ப்பாடும் இதுவே.

நெடுங்கதை நிகழ்ச்சிகளால் வளர்வது. ஒரு பக்கத்தில் அல்லது இரண்டு பக்கங்களில் அடங்கும் குறுங்கதையோ பெரும்பாலும் சொல்லாது விட்டதனாலேயே நிலைபெறுவது. தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்த 34 உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. கூறப்படாது எஞ்சிநின்ற பொருள் சொல்லினாலேனும் குறிப்பினாலேனும் நிறைவெய்துவதே எச்சமாம். குறிப்பினால் நிறைவெய்தும்போது, அந்நிறைவைத் தருபவன் கற்போனே ஆவான்.

சித்திரத்துக்கு இவ்வாறு விட்டுவிடுதல் எளிதன்று. 'ஒருத்தி வந்தாள்' என்று எழுத்தாளன் இரு சொற்களில் முடித்துவிடலாம். அவளை வரைபவன் வயது, முகம், உடை, நடை ஆகிய அனைத்துக்கும் விடை கூறியாதல் வேண்டும். 1972 முதல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் போன்ற வீரசாகசக் கதைகளுக்கு இஃது ஊறு செய்வதில்லை; அங்கே நிகழ்ச்சியே கதை. பொருள் ஐயத்தில் நிற்கும் கதைகளிலோ, வேண்டாத விடையொன்று கதையையே கெடுத்துவிடும்.

பிரான்ஸ் காஃப்கா இதனை நன்குணர்ந்தவர். 'உருமாற்றம்' என்னும் அவரது கதையில் ஒருவன் காலையில் விழித்தெழும்போது பூச்சி வடிவினனாயிருக்கின்றான். அந்நூலுக்கு அட்டைப்படம் வரையப்படவிருந்தபோது, 1915-ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதினார். அப்பூச்சியை வரையலாகாது, தொலைவிலிருந்து தோன்றுவதாகவும் காட்டலாகாது என்பது அவர் வேண்டுகோள். மூடிய கதவின் முன் நிற்கும் பெற்றோரையோ, இருண்ட அறைக்குத் திறந்திருக்கும் கதவையோ வரையலாம் என்றும் குறிப்பிட்டார். ஒட்டோமர் ஸ்ரார்க்கே வரைந்த அட்டையில், பாதி திறந்த கதவும், அதனுள் இருளும், முகத்தைக் கைகளாற் பொத்தி விலகிச் செல்லும் ஒரு மனிதனுமே உளர்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கதவும் இருளும் மனிதனும் ஐயமின்றித் தெளிவாக வரையப்பட்டுள்ளன. ஐயத்துக்குரியது மட்டுமே வரையப்படவில்லை. தெளிவின்மை வேறு, குறிப்பு வேறு. மங்கலாக வரைதல் குறிப்பாகாது. தெரிந்தவற்றைத் திட்டமாக வரைந்தால்தான் தெரியாதது தன் இடத்தில் நிற்கும்.

இதற்குச் சித்திரக்கதையிடத்தே இயல்பான கருவியொன்றும் உளது. ஸ்கொற் மக்கிளவுட் 1993-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கியவாறு, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையேயுள்ள வெற்றிடத்திலே நிகழ்வதைப் படிப்பவனே இட்டு நிரப்புகின்றான். ஓங்கிய கோடரி ஒரு கட்டத்திலும், நகரின் மேலெழும் அலறல் அடுத்த கட்டத்திலும் அமையின், இடையே வெட்டியவன் படிப்பவனே. ஆகவே, தனிப்படத்துக்கு அரிதாகிய எச்சம் படத்தொடருக்கு எளிதாகின்றது.

காஃப்காவின் குறுங்கதைகள் சிலவற்றைப் பீற்றர் கூப்பர் சித்திரக்கதையாக்கி 1995-இல் வெளியிட்டார். அவற்றுளொன்று, நாளுக்கு நாள் உலகம் ஒடுங்குகின்றது என வருந்தி, ஈற்றிற் பூனைக்கு இரையாகும் எலியின் கதை. ஒடுங்குவது சுவரா, எலியின் அச்சமா என்பதைக் காஃப்கா கூறினாரல்லர். சுவரை வரைந்தால் அது சுவரேயாகிவிடும். படக்கட்டங்களையே ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிச் செல்லின், இரு பொருளும் ஒருங்கே நிற்கும்.

இம்முறையின் இன்றியமையாமையைத் தமிழிற் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' புலப்படுத்தும். 1934-இல் வெளிவந்த இச்சிறுகதையில், மில் கூலியாகிய அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவன் முருகேசனுக்குப் பாற்கஞ்சி காய்ச்சக் காசின்றித் தவிக்கின்றாள். அவள்மேல் நெடுநாட் கண்வைத்திருந்த ஒருவனுடன் சந்தின் இருளில் மறைகின்றாள். முக்கால் ரூபாயுடன் மீள்கின்றாள். அவள் அழுதாளா, வெறுத்தாளா, கணவன்பால் அன்பொன்றே கருதினாளா என்பதை ஆசிரியர் விரித்துரைத்திலர். கற்பைப் பற்றிப் பேசுவோரை நோக்கியே அவர் திரும்புகின்றார்.

அவ்விருளில் அம்மாளுவின் முகத்தை ஓவியன் வரைவானாயின் யாது நிகழும்? கண்ணீரோடு வரைந்தால் அவள் இரங்கத்தக்கவள் ஆவாள்; கண்ணீரின்றி வரைந்தால் பழிக்கத்தக்கவள் ஆவாள். இரண்டிலும் தீர்ப்பு ஓவியனுடையது. படிப்பவன் வேடிக்கை பார்ப்பவனாய் ஒதுங்கிவிடுவான். சந்தின் வாயில் ஒரு கட்டம். நாணயங்கள் இருக்கும் கை அடுத்த கட்டம். இடைவெளியில் எழும் வினா அப்பொழுது படிப்பவனையே சாரும். புதுமைப்பித்தன் கருதியதும் அவ்வினாவே.

இன்றைய மாணவர் பலர் கதைகளைப் படத்தின் வழியே முதலில் அறிகின்றனர். அது குறையன்று. எல்லாவற்றையும் காட்டிவிடும் படத்தாற் பழகிய உள்ளம், காட்டாததைத் தானே எண்ணிப்பார்க்கும் ஆற்றலை இழத்தலே குறை. ஆதலின் ஒரு குறுங்கதையைச் சித்திரக்கதையாக்குவோர் முதற்கண் தேர்ந்துகொள்ள வேண்டியது, எதனை வரைவது என்பதன்று. எதனை வரையாது விடுவது என்பதே. வாவியின் இசையை வரைய விரும்புவோனுக்குத் தோணியும் துடுப்பும், சாய்ந்த தலையும், நிலவும் போதும். நீரினடியைக் கேட்போனுக்கே விட்டுவிடல் வேண்டும்.