‘மே’யும் ‘ஷல்’லும்

ஆங்கிலத்தில் ‘மே’, ‘ஷல்’ என்று இரண்டு துணைவினைகள் உள்ளன. சிறிய சொற்களே. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்தால் சட்டத்தின் பொருளே மாறிவிடும். அவற்றின் வேறுபாட்டைத் தமிழைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

இலக்கண அமைப்பில் இரண்டும் ஓரினம். எண், இடம் நோக்கி உருமாறுவதில்லை. அடுத்து வரும் வினையும் ‘டு’ என்னும் இடைச்சொல் இன்றியே நிற்கும். பொருளில்தான் பிரிகின்றன.

‘மே’ என்பது நம் ‘லாம்’ போன்றது. ‘அவன் வரலாம்’ என்றால் வருவதற்கு இசைவு உண்டு என்றும் பொருள். வரக்கூடும் என்றும் பொருள். எதிர்மறையில் தமிழ் இவற்றைப் பிரித்துக் காட்டும். ‘வரக்கூடாது’ என்பது தடை. ‘வராமலிருக்கலாம்’ என்பது ஐயம். ஆங்கிலமோ இரண்டையும் ‘மே நாட்’ என்றே சொல்லும்.

‘ஷல்’ தன்மையில் வந்தால், பழைய இலக்கணப்படி, வெறும் எதிர்காலம்: ‘செல்வேன்’. சட்ட நடையில் படர்க்கையில் வந்தால் கட்டளை: ‘செய்தல் வேண்டும்’.

இதனால் என்ன என்று கேட்கலாம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்பதை ‘ஷல்’ என்றே விதித்தது. அதன் பின்னைய நிலைக்காக 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டமோ ‘மே’ என்றது. வேண்டும் என்றிருந்தது, லாம் என்றாயிற்று! ‘தொடரலாம்’ என்பதில் ‘தொடராமலும் இருக்கலாம்’ என்பது மறைந்திருக்கிறதே என்று பலர் அஞ்சினர். 1965இல் தமிழகத்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர், உயிர்கள் பலியாயின. 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் நடுவணரசுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலத்துக்கு ‘ஷல்’ தந்தது. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், பின்னர் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி அதை அகற்ற இயலாது.

நீதிமன்றங்கள் இடம் நோக்கி ‘மே’யை ‘ஷல்’ எனக் கொள்வதும் உண்டு. ஆனால் உரிமையை உரையாசிரியரின் கருணைக்கு விடுவானேன்? ஆகவே நண்பர்களே, விடுதி விதியாயினும் நாட்டின் சட்டமாயினும், துணைவினையை முதலில் பாருங்கள். ‘லாம்’ என்பது கொடுப்பவர் விருப்பம். ‘வேண்டும்’ என்பதே பெறுபவர் உரிமை.