ஒட்டுப்போர்வையும் கண்ணின் கணக்கும்

படுக்கையை முழுதும் மூடி மூன்று பக்கமும் தொங்கும் அளவுக்கு ஓர் ஒட்டுப்போர்வையை முதன்முதலாகத் தைக்க எண்ணுவோர் பெரும்பாலும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடை மேசைமேல் துணிகளை விரித்து, சிவப்புக்கு எந்தப் பச்சை எடுப்பாக இருக்கும், நீலத்தோடு எந்த ஊதா இசையும் என்று பார்க்கிறார்கள். கைக்கெட்டும் தொலைவில் அந்த இணைகள் கண்ணைப் பறிக்கவும் செய்யும். பல வாரம் வெட்டித் தைத்துச் சுவரில் தொங்கவிட்டுப் பத்தடி பின்வாங்கிப் பார்த்தால், எண்ணிய கோலம் எதுவும் தெரிவதில்லை. கலங்கல் நிறமாகப் பரப்பு முழுதும் மங்கிக் கிடக்கிறது. தையலில் குறை இராது. சிறு துண்டைக் கண் காணும் முறை வேறு, பெரும்பரப்பைக் காணும் முறை வேறு. துணி எடுக்கையில் அதை எண்ணாமல் விட்டதன் விளைவு அது.

இதைத் தெளிவாகக் காட்டும் வடிவம் ஒன்று அமெரிக்கப் போர்வைக் கலையில் உண்டு. ‘லாக் கேபின்’, அதாவது மரக்குடில் என்பது அதன் பெயர். 1860களிலிருந்து அந்நாட்டில் பெருவழக்காகத் தைக்கப்பட்டு வருவது. நடுவில் சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றி ஒடுங்கிய துணிப்பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக, குடிலுக்கு மரம் அடுக்குவதுபோல் வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்ப் பட்டைகள், எஞ்சிய இரு பக்கங்களில் அடர் பட்டைகள். இப்படி முடிந்த ஒவ்வொரு கட்டமும் மூலைக்கு மூலை வெயில் பாதி, நிழல் பாதியாகப் பிரிந்து நிற்கும். இத்தகைய கட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கினால் உழுசால்போல் சாய்ந்த கோடுகள் ஓடும். நடுவிலிருந்து நாற்புறமும் திருப்பி அடுக்கினால் ஒன்றனுள் ஒன்றாய்ப் பெரும் சாய்சதுரங்கள் விரியும். கட்டங்கள் அவையே, திருப்பி வைத்ததொன்றே மாற்றம். பட்டைகள் எந்தப் பழஞ்சட்டையிலிருந்து வந்தவை, பச்சையா பழுப்பா என்பதெல்லாம் கோலத்தைத் தொடுவதே இல்லை. கோலம் வரைவது வெளிர்மைக்கும் அடர்மைக்கும் உள்ள இடைவெளி. முதற் பெரும்போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் அறியேன்.

ஒரு நிறத்தின் வெளிர்மையை அதன் பெயரை வைத்து அளக்க முடியாது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிறக்குறியீட்டில் வெளிர்மையைத் தனி அளவாகப் பிரித்து, கருமைக்குச் சுழி, வெண்மைக்குப் பத்து என்று படி வைத்தார். அந்த ஏணியில் தூய மஞ்சள் எட்டாம் படியையொட்டி நிற்கிறது. செறிந்த நீல ஊதா மூன்று, நான்கு என்று கீழே இறங்கிவிடுகிறது. செறிந்த சிவப்பும் செறிந்த பச்சையும் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே ஏறத்தாழ அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. பச்சைத் தரையில் தைத்த சிவப்பு விண்மீன் தொலைவில் கரைந்துபோவது இதனால்தான். நிறத்தால் எதிரெதிரானவை ஆயினும் வெளிர்மையால் அவை உடன்பிறந்தவை.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். எடுக்க எண்ணிய துணிகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் போதும். படத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இரண்டு துணிகள் போர்வையிலும் ஒட்டிக்கொள்ளும். கண்ணை இடுக்கிப் பார்ப்பது அதனினும் பழைய வழி. நுணுக்கங்கள் மங்கி வெளிரும் அடரும் மட்டும் எஞ்சும். சிலர் சிவப்புக் கண்ணாடித்தாளின் வழியே பார்க்கிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் சிவப்புத் துணி அதில் உள்ளதைவிட வெளிறித் தோன்றும். ஆகவே சிவப்பு மிகுந்த துணிகளுக்கு அந்தத் தாளை நம்பலாகாது.

அடுத்தது தொலைவு. நலமான கண் பிரித்தறியும் மிகச்சிறு கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. மூன்று மீட்டர் தொலைவில் இது 0.9 மில்லிமீட்டருக்குச் சமம். அதைவிட நெருங்கிய புள்ளிகளும் கோடுகளும் அங்கிருந்து பார்ப்பவருக்குத் தனித்தனியே தெரியா. ஒன்றாய்க் கலந்து ஒரே நிறமாகிவிடும். வெள்ளைத் தரையில் பொடிப்பொடியாய் நீலப்பூ அச்சிட்ட துணி கையில் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அறையின் மறுபுறத்திலிருந்து அது வெளிர் நீலம் மட்டுமே. உள்ளங்கையளவு பூக்கள் உள்ள துணியோ அறைக்குள் எந்தத் தொலைவிலும் கலவாது. அதைச் சிறு கட்டங்களாக வெட்டினால் ஒரு கட்டத்தில் இலை மட்டும், இன்னொன்றில் இதழ் மட்டும் விழும். ஒரே துணி பத்து வெவ்வேறு துணிகளாகிவிடும். பழகிய கைகள் இதை வேண்டுமென்றே செய்து அழகு காட்டும். முதல் முயற்சியில் பெரும்பூவைத் தவிர்ப்பதே நலம். விட மனமில்லையென்றால் ஓரப்பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் என்பதை முறையாக ஆய்ந்தவர் மிசேல் எழேன் செவ்ரோல். கொழுப்புகளின் வேதியியலில் பெயர் பெற்ற அவர், 1824இல் பாரிசு நகரின் கொபலென் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைமையை ஏற்றார். அங்கே அவரிடம் வந்த முறையீடுகளுள் ஒன்று வியப்பானது: நீலம், ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்கென நெய்யும் கருநூல் வலுவிழந்து தெரிகிறது என்றார்கள். கருநூலைப் பிற கூடங்களின் நூலோடு வைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. குறை அண்டையில் இருந்தது. எந்த நிறமும் தன் பக்கத்தில் இருப்பதன்மேல் தன் எதிர்நிறத்தைச் சிறிது ஏற்றுவதாகக் கண் காண்கிறது. நீலத்தின் அருகே கருமையில் செம்மஞ்சள் ஏறி அதை வெளுக்கச் செய்கிறது. இந்த ஆய்வை விரித்து அவர் எழுதிய பெருநூல் 1839இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, நூற்றிரண்டு அகவை நிறைந்தவராய்த்தான் அவர் மறைந்தார்.

செவ்ரோல் கண்டதற்கு நேர் எதிரான விளைவைக் கம்பளம் காட்டிக்கொடுத்தது. செருமானிய வானிலை அறிஞர் வில்கெல்ம் ஃபான் பெசோல்டு கம்பளக் கோலங்களில் ஈடுபாடு கொண்டவர். ஒரு கோலத்தில் ஒரேயொரு நிற இழையை மாற்றினால் முழுக் கம்பளமும் வேறு நிறம் கொள்வதை அவர் கண்டார். நெருக்கமான நுண்கோடுகளில் நிறங்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை, ஈர்த்துக்கொள்கின்றன. கருங்கோடு ஊடுருவிய சிவப்பு இருள்கிறது. வெண்கோடு ஊடுருவிய சிவப்பு வெளிறுகிறது.

போர்வை தைப்பவருக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். 15 சென்டிமீட்டர் கட்டங்களாக நிற்கும் தனி நிறங்கள் ஒன்றையொன்று கூர்மைப்படுத்தும். அதே நிறங்கள் ஒரு துணிக்குள் பொடி அச்சாக இருந்தால் கலந்துவிடும். பென்சில்வேனியாவின் லாங்காசுட்டர் வட்டாரத்தில் ஆமிசு என்னும் கிறித்தவப் பிரிவினர் தைத்த பழம்போர்வைகளில் அச்சுத் துணியே இராது. தனி நிறக் கம்பளித் துணிகள், அகன்ற பரப்புகள், ஊதாவின் அருகே செஞ்சிவப்பு, கருநீலத்தின் அருகே பச்சை. கண் அவற்றின் எல்லைக்கோட்டில் நிலைகொள்ளாமல் துடிக்கும். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தபோது பார்வையாளர் பலருக்கு அது புதுக் கலையாகவே பட்டது.

எந்த ஒளியில் பார்க்கிறோம் என்பதும் தேர்வை மாற்றும். கடையின் விளக்கொளியில் ஒத்துப்போன இரு பழுப்புகள் வெயிலில் ஒன்று பச்சையோடும் ஒன்று சிவப்போடும் பிரிந்து நிற்பதைத் துணிக்கடைக்குப் போகிற எவரும் அறிவர். இரண்டின் சாயக் கலவையும் வேறு. ஒளியின் அலைநீளங்களை அவை திருப்பி அனுப்பும் பங்கும் வேறு. ஒரு விளக்கின் கீழ் மட்டும் அவை கண்ணை ஏமாற்றி ஒன்றாகின்றன. கடைக்காரர் சிறிது முகம் சுளித்தாலும் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவதே முறை. படுக்கையறைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்க்கின்யே, பகலில் பளிச்சென்றிருக்கும் செம்மலர்கள் விடியலின் மங்கலில் கருத்துத் தோன்றுவதையும் நீலமலர்கள் அப்போது வெளிறித் தோன்றுவதையும் கண்டு எழுதினார். நல்ல வெளிச்சத்தில் கண் கூருணர்வு கொள்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி. அரையிருளில் அது நீலத்தின் பக்கம், ஏறத்தாழ 507க்கு நகர்ந்துவிடுகிறது. சிவப்பை வெளிர்ப்பக்கமும் நீலத்தை அடர்ப்பக்கமும் வைத்து அமைத்த கோலம் விளக்கைத் தணித்ததும் தலைகீழாகக்கூடும். மஞ்சளோ வெண்மையோ கலந்து வெளிர்ப்பக்கத்தை ஐயமற வெளிர்த்துவிட்டால் இந்த ஆட்டம் இராது.

நிறம் கண்ணில் நிற்பதற்கு முன் துணியில் நிற்க வேண்டும். ஐரோப்பாவின் ஒட்டுப்போர்வை வரலாறு சோழமண்டலக் கரையைத் தொடுவது இங்கேதான். சாயவேர் தரும் சிவப்பைப் படிகாரத்தால் பருத்தியில் ஊன்றவைக்கும் கலை இக்கரையில் முதிர்ந்திருந்தது. துவைத்தாலும் போகாத அந்தச் சித்திரத்துணிகள் ஐரோப்பியச் சந்தையை ஆட்கொண்டன. உள்நாட்டு நெசவாளரைக் காக்கவென்று பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1701, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைகள் கொணர்ந்து 1774இல் தளர்த்தியது. அரிதாகிவிட்ட துணியின் துணுக்கும் வீணாகலாமா? வட இங்கிலாந்தின் லெவன்சு மாளிகையில் உள்ள, 1708 அளவில் தைத்ததாகக் கருதப்படும் போர்வை இத்தகைய இந்தியத் துணித் துண்டுகளால் ஆனது. அதே தொழில்நுட்பத்தின் மறுபக்கமும் உண்டு: கருமைக்கும் பழுப்புக்கும் இட்ட இரும்பு உப்பு நாளடைவில் பருத்தி இழையை அரித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் போர்வைகளில் மற்ற துண்டுகள் உறுதியாக இருக்க, பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைக் காணலாம்.

இன்றைய பருத்தித் துணிகளின் நிறத்தில் பெரும்பங்கு 1956இல் சந்தைக்கு வந்த வினைச்சாயங்களின் வழிவந்தது. இவை இழையின் மாவியத்தோடு, அதாவது செல்லுலோசோடு, வேதிப்பிணைப்பாலேயே சேர்ந்துவிடுகின்றன. ஆனால் சாயத் தொட்டியில் ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து, பிணையாமல் இழையில் தங்கிவிடும். ஆலை அதை முற்றும் அலசாவிட்டால் நம் வீட்டில் வடியும். கருஞ்சிவப்பும் கருநீலமும் இதில் முதற் குற்றவாளிகள். துணியின் ஒரு மூலையை வெதுவெதுப்பான சவுக்கார நீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வைத்து அழுத்தி, அப்படியே காயவிட்டால் உண்மை தெரிந்துவிடும். வெள்ளையில் இளஞ்சிவப்புக் கறை படிந்தால் அத்துணியைப் பலமுறை அலசியாக வேண்டும், அல்லது கைவிட்டுவிட வேண்டும்.

சுருக்கமும் நீரின் வேலையே. தறியிலும் ஆலையிலும் இழுத்து நிறுத்திய பாவும் ஊடையும் நனைந்ததும் இளகும். மாவிய இழை நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்த நூலைச் சுற்றி வளைய மற்ற நூலுக்கு நீளம் கூடுதலாக வேண்டியிருப்பதால் துணி குறுகும். நனைக்காத பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு குறுகுவது இயல்பு. எல்லாத் துணியும் ஒரே அளவு குறுகினால் கேடில்லை. ஒன்று நனைத்தது, ஒன்று நனைக்காதது என்று கலந்து தைத்தால் முதல் துவைப்பிலேயே சுளித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்த துணி இந்தக் கணக்குக்கே கட்டுப்படாது. ஐயமிருந்தால் ஓரத்து நூலொன்றை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி தாள்போல் எரிந்து மென்சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருமணியாய்த் திரளும். வெட்டும் திசையையும் மறக்கலாகாது. பாவின் திசையில் துணி நீளாது. ஊடையின் திசையில் சிறிது கொடுக்கும். மூலைவாட்டில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்புவதால் இழுத்த இழுப்புக்கு வரும். முக்கோணங்கள் நிறைந்த விண்மீன் வடிவங்களில் இந்த மூலைவாட்டு விளிம்புகள்தாம் புதுக்கையைத் திணறச் செய்கின்றன.

இனி எவ்வளவு துணி? 152 × 203 சென்டிமீட்டர் மெத்தைக்கு 225 × 255 அளவுள்ள போர்வை போதும். 15 சென்டிமீட்டர் கட்டங்களாகக் கொண்டால் 15 × 17, அதாவது 255 கட்டங்கள். தையலுக்குப் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது 16.2 சென்டிமீட்டர், 112 சென்டிமீட்டர் அகலத் துணியில் வரிசைக்கு ஆறு கிடைக்கும், ஏறத்தாழ 7 மீட்டர் செல்லும். சுருக்கத்துக்கும் கைப்பிழைக்கும் சேர்த்து வெளிரில் நான்கு, அடரில் நான்கு என்று எட்டு மீட்டர் எடுக்கலாம். இதில் ஏழில் ஒரு பங்கு தையலுக்குள் மறைந்துவிடுகிறது. கட்டத்தை 5 சென்டிமீட்டராகச் சிறுத்தால் துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே போய்விடும்; ஒடுங்கிய பட்டைகளால் ஆன மரக்குடிலும் இதே காரணத்தால் துணியை விழுங்கும். பிழையும் இப்படித்தான் பெருகுகிறது. 6 மில்லிமீட்டர் விடவேண்டிய இடத்தில் 7 விட்டால் ஓர் இணைப்பில் 2 மில்லிமீட்டர் குறையும். பதினான்கு இணைப்புள்ள வரிசை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும்.

அடித்துணி சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதே அகலத் துணியைக் குறுக்காக மூன்று நீளம் இணைத்தால் ஏழரை மீட்டரில் முடிந்துவிடும். அதற்கும் நடுப்பஞ்சுக்கும் மேல்துணிக்கும் சேர்த்து ஓடுகிற தையல், தனி நிறத் துணியில் ஒவ்வொரு முடிச்சும் தெரியும்படி நிற்கும். அடித்துணிக்கு நெருக்கமான பொடிப்பூ அச்சை எடுத்துக்கொண்டால், புதுக்கையின் நீளமும் குட்டையுமான தையல்கள் அதற்குள் காணாமற் போய்விடும்.