தெரோப்போங் வாங்கப் போகிறீர்களா?

தோட்டத்துத் தோழர்களே, காட்டையொட்டிய செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களிலும் கிரிக் பக்கத்திலும் யானை இறங்கினால் இளங்கன்றுகள் ஒரே இரவில் நாசமாகும். காட்டுப்பன்றி கிளறிய வரப்பையும், வேலைக்காட்டுக்கு மேலே சிறகு இரையப் பறந்துபோகும் இருவாட்சியையும் நாள்தோறும் பார்க்கிறோம். தூரத்தில் நிற்பது இன்னதென்று கிட்டே போகாமலே தெரிந்துகொள்ள ஒரு சாமான் உண்டு. அதுதான் தொலைநோக்கி. நம் வாய்வழக்கில் பைனாகுலர் அல்லது தெரோப்போங்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தப் பணத்தில் அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் இது. "பெரிய நம்பர் போட்டிருக்கு அண்ணே, நல்லாத் தெரியும்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

எண்ணைப் படியுங்கள்

தொலைநோக்கியின் மேல் 8x42 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண், பொருள் எத்தனை மடங்கு கிட்டத்தில் தெரியும் என்பது. 80 மீட்டரில் நிற்கும் பன்றி, 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். இரண்டாவது எண், முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். கண்ணாடி அகலமானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.

இனி ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. 42ஐ 8ஆல் வகுத்தால் 5க்குச் சற்று அதிகம் வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது. சட்டைப் பையில் அடங்கும் 8x21இல் இந்த அளவு 2.6 மில்லிமீட்டர்தான். பட்டப்பகலில் அது போதும். ஆனால் விலங்குகள் நடமாடுவது பெரட்டு நேரத்து அரையிருட்டிலும், பொழுது சாய்ந்த பிறகும் அல்லவா? அந்த நேரத்தில் நம் கண்பாவை அகல விரிந்து நிற்கும். சின்ன ஒளிவட்டம் அதற்குப் போதாது. எல்லாம் மங்கிப் போகும்.

7x50 இருட்டுக்கு நல்லது. ஆனால் கனம் ஏறத்தாழ ஒரு கிலோ. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் பிடரி வலிக்கும். தவிர, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்பாவை பெரும்பாலும் இளவயதில்போல் விரிவதில்லை. அந்தக் கூடுதல் ஒளி வீண்தான். 10 மடங்கு காட்டுவதில் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். மரவரிசைகளுக்கிடையே ஓடும் விலங்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். ஆகவே தோட்டத்துக்கும் காட்டோரத்துக்கும் 8x42 ஏற்றது என்பது நம் கருத்து. 1,000 மீட்டர் தூரத்தில் 120 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடையில் சோதிப்பது எப்படி?

கையை நீட்டி, தொலைநோக்கியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மட்டமானது. முன்கண்ணாடியில் மங்கலான பச்சையோ ஊதாவோ மின்னினால் நல்லது. மாணிக்கம்போல் சிவந்து பளபளப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது மலிவுச் சரக்கின் அலங்காரம்.

பிறகு தூரத்துக் கம்பத்தையோ கூரை ஓரத்தையோ பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலும், ஐந்து நிமிடத்தில் தலை கனத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். 'சூம்' என்று மடங்கைக் கூட்டிக் குறைப்பவற்றில் மலிவானவை பெரும்பாலும் தெளிவு தருவதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நம் ஊர் மழையும் புழுக்கமும் இதற்கு எதிரி. உள்ளே ஈரம் புகுந்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் எடுப்பது கடினம். நீர் புகாதபடி அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பியதையே வாங்குங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். தூசியை முதலில் ஊதித் தள்ளுங்கள். சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும்.

துப்பாக்கிக்கு முன் தொலைநோக்கி

முக்கியமான செய்திக்கு வருகிறோம். லைசென்ஸ் வாங்கிப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் சிலர், துப்பாக்கியில் பொருத்திய கண்ணாடியிலேயே தூரத்தைத் துழாவுகிறார்கள். அது கொடிய பழக்கம். அந்தக் கண்ணாடி எங்கே பார்க்கிறதோ அங்கேயே குழலும் பார்க்கிறது. "அட, பன்னிதான்யா!" என்று விசையை அழுத்திய பிறகு, விழுந்தது மனிதன் என்று தெரிந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். செம்பனை நிழலில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயின் முதுகும், அந்தி நேரத்தில் ஒரு கரிய உருவம்தான். தொலைநோக்கியில் பார்த்து, இன்னதென்று தீர்மானமாகத் தெரிந்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும். சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது.

மனிதர் மட்டுமல்ல. தேன்கரடியும் அந்த இருட்டில் பன்றிபோல் தோன்றும். தாப்பிர்க் குட்டிக்கும் பன்றிக் குட்டியைப்போலவே உடம்பெல்லாம் வரி இருக்கும். கரடியும் தாப்பிரும் யானையும் தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றவை. காட்டுப்பன்றியைக்கூட லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. சுருக்குக் கண்ணி வைப்பதும் குற்றம். "தெரியாம சுட்டுட்டேன் ஐயா" என்றால் நீதிமன்றம் கேட்காது. குடும்பம்தான் தெருவில் நிற்கும்.

யானை விஷயத்திலும் இதே பாடம்தான். வேலைக்காட்டுக்குள் நுழையுமுன் மேட்டிலிருந்து ஒரு முறை சுற்றிப் பார்த்தால், கன்றோடு நிற்கும் தாய்யானை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கன்று இருந்தால் தாய் பொறுக்காது. தெரிந்ததும் மண்டோரிடம் சொல்லி ஆட்களை வேறு பக்கம் அனுப்புங்கள். வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுங்கள். கையில் தெரோப்போங் இருக்கிறதே என்று கிட்டே போய்ப் படம் பிடிக்க நினைத்தால், அது வாங்கியதன் பயனே போயிற்று.

பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. ஒரு நொடியில் கண் கெட்டுவிடும். கெட்ட பார்வை திரும்பாமலே போகலாம்.

தனியாக வாங்க வசதியில்லையா? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டு ஒன்று வாங்குங்கள். கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ பொறுப்பேற்றுப் பாதுகாக்கலாம். காலையில் அது காவலுக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகள் அதே கண்ணாடியில் இருவாட்சியின் கொம்பைப் பார்க்கட்டும். எலி தின்று நம் செம்பனையைக் காக்கும் ஆந்தையின் கூண்டையும் பார்க்கட்டும். மலேசியாவில் இருவாட்சி 10 வகை உண்டு. அதில் எத்தனை வகை நம் தோட்டத்து எல்லைக்கு வருகிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும்.