தேய்மானம் போக மீதி!

எங்கள் வீட்டு புல்லட் 1988 மாடல். என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதனால் வீட்டில் அதற்குப் பெயரே ‘அண்ணன்’தான்.

அடியேன் பி.காம். பகலில் திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் இப்படி ஏதாவது எழுதுகிறேன். ஒருநாள் சும்மா இருக்காமல் அண்ணனுக்கே கணக்குப் போட்டேன். அப்பா வாங்கிய விலை இருபதாயிரம் என்று வைத்துக்கொண்டு, வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால், இன்றைய மதிப்பு ஐம்பது ரூபாய்கூட இல்லை. அதாவது, இரண்டு பரோட்டா!

“என் வண்டி ரெண்டு பரோட்டாவாடா?” என்று அப்பா முறைத்தார்.

அவர் முறைப்பதிலும் நியாயம் உண்டு. சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கூட்டு சேர்ந்து 1955-ல் தொடங்கியது திருவொற்றியூர் சமாச்சாரம். பெற்ற ஊரில் கடையைக் கட்டிய பிறகும் வளர்த்த ஊரில் ஓடிக்கொண்டே இருந்த வண்டி இது.

முழங்கால் வலி வந்து அப்பா கிக்கர் உதைப்பதை நிறுத்தியதும் சாவி என் கைக்கு வந்தது. வந்ததும் என்ன செய்தேன்? நம்ம பசங்க எல்லாரும் செய்வதைத்தான். சத்தம் போடும் சைலன்ஸர் 2,800. அகல ஹேண்டில்பார் 1,500. புது சீட் 2,200. ஆக மொத்தம் 6,500 ரூபாய். பிரேக்குக்கு? பூஜ்யம்! பிரேக் கண்ணுக்குத் தெரியாதே சார். பார்த்து யார் ‘ஆஹா’ போடப் போகிறார்கள்?

அன்றைக்குக் கிருத்திகை. மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நிற்கிறது. நான் ‘டம டம’ என்று வருகிறேன். பூக்கூடையோடு ஓர் ஆயா குறுக்கே வந்தார். முன் பிரேக்கைப் பிடித்தேன்... லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. இடது காலால் பின் பிரேக்கை மிதித்தேன். (பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால்.) அண்ணன் நிதானமாக யோசித்து, கூடையை முட்டிய பிறகு நின்றான்.

ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்லி மட்டும் ரோடெல்லாம். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒன்று சொன்னார் பாருங்கள்: “சத்தம் மயிலம் வரைக்கும் கேக்குதே தம்பி... நிக்கத்தான் தெரியலையா?”

வீட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்து ஸ்போக்கில் சிக்கியிருந்த மல்லியை அப்பா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தேன். “ஸ்பேனர் எடுத்துட்டு வா” என்றார். அவ்வளவுதான்.

திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். டிரம்மைத் திறந்தால் தூசி. ஊதப் போனவன் தலையில் ஒரு குட்டு. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பின் லைனர் கண்ணாடி மாதிரி வழவழப்பு, உப்புத்தாளால் தேய்த்தோம். முன் லைனர் தேய்ந்தே போயிருந்ததால் புது ஷூ போட்டோம். புது கேபிளும் மாட்டினோம். கேம் தண்டுக்குத் துளி கிரீஸ், லைனர் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது.

கையோடு காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளியையும் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தோம். டாப்பெட்டுக்கு அளவுகோல் அப்பாவின் விரல்தான்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

சைலன்ஸர்? பழையது பரணிலிருந்து இறங்கியது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி ஒலி வரம்பை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று நானே கிளையன்ட்களுக்குச் சொன்னவன்தான். ஹி... ஹி...

அடுத்த கிருத்திகைக்கு அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு கிளம்பினேன். முதலில் கிக்கரை மெதுவாக மிதித்து இறுக்கம் வந்ததும் டீகம்ப்ரஷன் லீவர், ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் ஒரே உதை. அண்ணன் ‘தட்... தட்’ என்று பேசினான். கூட்ரோட்டில் அதே ஆயா. பத்தடி முன்னாலேயே நிறுத்தினேன்.

“இன்னா தம்பி, சத்தத்தையே காணோம்?”

“நிக்குது ஆயா!”

அப்பா என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, இரண்டு முழம் மல்லி வாங்கினார். முருகனுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று.

தேய்மானம் போக மீதி எவ்வளவு என்று யாராவது கேட்டால் இனி நான் கணக்குப் போடுவதாக இல்லை. அந்த இரண்டு பரோட்டா கணக்கைக் கிழித்துப் போட்டாயிற்று!