புள்ளியளவு துருவைப் புறக்கணிக்காதீர்!

வாகனம் புதிதாக வீட்டிற்கு வந்த நாள்களில் காலையும் மாலையும் துடைத்து அழகு பார்க்கிறோம். இரண்டு மழைக்காலங்கள் கடந்தபின் மட்கார்டின் ஓரத்தில் மிளகளவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றினால் அதைப் பொருட்படுத்துவதில்லை. வாசகர்களே, கண்ணுக்குத் தெரியும் புள்ளி மிளகளவுதான். வண்ணப்பூச்சின் அடியில் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்து அறிய இயலாது. துருவின் ஆபத்து இதில்தான் அடங்கியிருக்கிறது.

2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு இது தெரியும். கல்வராயன் மலைக் கிராமத்தவர் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லப் பெரிதும் நம்பியிருப்பது மோட்டார் சைக்கிளைத்தான். வளைவும் சரிவும் நிறைந்த அவ்வழியில் குடும்பத்தையே சுமந்து செல்லும் வண்டியின் இரும்பு உறுதியாக இருக்க வேண்டாமா?

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். வண்ணப்பூச்சு இம்மூன்றையும் பிரித்து வைக்கும் சுவர். சாலையில் தெறிக்கும் ஒரு ஜல்லிக்கல் அச்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டால் போதும், ஈரம் உள்ளே புகுந்துவிடும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் படலம் அவ்வுலோகத்தையே காக்கிறது. இரும்பின் துருவோ காப்பதில்லை. பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைத்து மேலும் அரிக்கிறது. துரு தான் உண்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பதால், மேலுள்ள பூச்சைக் கொப்புளம்போல் தூக்கிவிடுகிறது.

உப்பு இவ்வரிப்பை விரைவுபடுத்தும். கடலரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் அமைத்துள்ளது. ‘எங்கள் ஊரில் கடல் இல்லையே’ என்று நாம் நிம்மதி அடைய முடியாது. வயலுக்கு உர மூட்டையை வண்டியில் ஏற்றிச் செல்கிறோம் அல்லவா? பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் குளோரைடு உப்பே. மூட்டையிலிருந்து சிந்தும் உரத்தூள் கேரியரின் மூலையிலும் மட்கார்டின் மடிப்பிலும் தங்கி, மழை ஈரத்தில் கரைந்து, கடற்காற்று செய்யும் வேலையையே செய்கிறது.

முதலில் தரம் பிரியுங்கள்

பழுப்பாகத் தெரிவதெல்லாம் துருவன்று. சோப்பு நீரில் கழுவினால் நீங்குவது வெறும் செம்மண் கறை. பூச்சு பெயர்ந்த இடத்தில், சுற்றிலும் பூச்சு உறுதியாக இருக்க, நடுவில் மட்டும் சிவந்திருந்தால் அது மேல்துரு. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். பூச்சு உப்பியிருந்தால் துரு அடியில் பரவிவிட்டது, அல்லது உட்புறத்திலிருந்தே வருகிறது என்று பொருள். அவ்விடத்தை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மங்கிய ஓசை கேட்டாலோ தகடு உள்வாங்கினாலோ டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை.

மேல்துருவை நீக்கும் முறை

வெயில் காயும் ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். வண்டியைக் கழுவி நன்றாக உலரவிட்டு, புள்ளியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுங்கள். பெயர்ந்து நிற்கும் பூச்சைக் கத்தியின் முனையால் சுரண்டிவிட்டு, 180ஆம் எண் உப்புத்தாளாலும் பிறகு 320ஆம் எண் தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அவசரப்படாதீர்கள், வேலையின் உயிர்நாடி இதுதான். குழிகளில் எஞ்சும் கருமைக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவத்தைத் தடவலாம். கையுறை அவசியம்; கண்ணில் படக்கூடாது.

அவ்வமிலம் இரும்பின் மேல் பாஸ்பேட் படலமொன்றை உண்டாக்குகிறது. டெல்லியிலுள்ள, ஏறத்தாழ 1600 ஆண்டுகள் பழைமையான இரும்புத் தூண் மழையிலும் வெயிலிலும் அழியாதிருப்பதற்கும், அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் உண்டான காப்புப் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியுள்ளார்.

பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுங்கள். துடைத்த இடத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு. ஓரிரவு ஈரக்காற்று பட்டாலே வெற்று இரும்பு மீண்டும் சிவக்கத் தொடங்கும். பிரைமர் மெல்லிய இரு பூச்சுகள். அது காய்ந்தபின் 600ஆம் எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, வண்டியின் நிறத்திலுள்ள பெயின்டைச் சிறு தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். பிரைமரோடு நிறுத்திவிடுவோர் பலர். ஈரம் புகக்கூடிய பிரைமரால் மட்டும் நெடுநாள் காக்க இயலாது.

செய்யக்கூடாதவை

துருவின் மேலேயே பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது மிகப் பெரிய தவறு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெளியே பளபளக்கும் வண்டி உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். அடிப்பாகத்தில் பழைய என்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கமும் நன்றன்று. அது ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. மழைக்குப்பின் பிரேக் டிஸ்கில் தோன்றும் மெல்லிய துரு இயல்பானது. சிலமுறை பிரேக் பிடித்தாலே நீங்கிவிடும். அதில் எண்ணெயோ பெயின்டோ தடவாதீர்கள். பெட்ரோல் டேங்க் உப்பியிருந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம். சேசிஸின் வெல்டிங் இணைப்பிலோ ஸ்டாண்டின் மூட்டிலோ துரு கண்டால் அது அழகு பற்றிய விஷயமன்று. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மலையிலிருந்து இறங்கிவந்ததும் மட்கார்டின் அடியிலுள்ள சேற்றை நீரடித்துக் கழுவுவதும், உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவி உலர்த்துவதும், மழைக்காலத்திற்கு முன் மெழுகுப் பாலிஷ் இடுவதும் செலவில்லாத, அல்லது சிறு செலவிலான காப்புகள்.

இறுதியாக ஒன்று. பழைய வண்டியை விற்கும் நேரத்தில் துருவைப் பட்டியால் மூடிப் ‘புதுசு போல’ ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் சந்தையில் இருக்கிறது. விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பித்த வியாபார நெறி. அந்த வண்டியில் நாளை மலையேறப் போவது இன்னொருவரின் மனைவி மக்கள். துருவை நீக்கி விற்போம்; நீக்க இயலாவிட்டால் அதைக் காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்போம்.