பாடாத பிரின்ஸைக் கேட்பது எப்படி?

பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1984இல் வந்த அவருடைய 'பர்ப்பிள் ரெய்ன்' ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரே பாட்டுக்குள் மெல்லிய குரலில் கெஞ்சுவார், அடித்தொண்டையில் அதட்டுவார், திடீரென்று வீறிடுவார். அந்தக் குரலுக்கு மயங்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவரே 2003இல் 'என்.ஈ.டபிள்யூ.எஸ்.' என்றொரு ஆல்பம் வெளியிட்டார். 56 நிமிடம் ஓடும் அதில் அவர் ஒரு சொல்கூடப் பாடவில்லை.

ஆசையோடு அதைப் போட்டுவிட்டு, "பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்று காத்திருந்து, மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுத்தத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பாட்டுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டால், அந்த ஆல்பத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

ஃப்யூஷன் என்கிறார்களே, அது என்ன?

ஜாஸிலிருந்து தொடங்குவோம். ஜாஸ் கலைஞர்கள் ஒரு மெட்டை முதலில் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் அடித்தளத்தின்மேல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். இதற்கு இம்ப்ரொவைசேஷன் (முன்பே எழுதி வைக்காமல், வாசிக்கும்போதே உருவாக்குவது) என்று பெயர். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடும்போது நடப்பதற்கு இது ரொம்ப நெருக்கம். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். தாளம் மட்டும் கீழே பிடி தளராமல் ஓடிக்கொண்டிருக்கும்.

1960களின் கடைசியில் சிலர் இந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டு கருவிகளையும் தாளத்தையும் மாற்றினார்கள். மின்சார கிட்டார், மின்சார பியானோ, ராக் இசையின் முரட்டு அடி, ஃபங்க் (ஆடத் தூண்டும் அழுத்தமான தாளம் கொண்ட கறுப்பின அமெரிக்க இசை) எல்லாம் உள்ளே வந்தன. இந்தக் கலவைதான் ஃப்யூஷன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' (1969), 'பிட்சஸ் ப்ரூ' (1970) இரண்டும் இதற்குப் பெரிய வாசலைத் திறந்தன. அவரோடு வாசித்தவர்களே பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து தனிக்குழுக்கள் கண்டார்கள். அவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970களில் 'சக்தி' குழுவைத் தொடங்கியபோது, நம் விக்கு விநாயக்ராம் கடத்தோடு அதில் உட்கார்ந்தார். இந்த இசை உங்களுக்கு அந்நியம் என்று நினைத்தால், அந்தக் கடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் கொடிகட்டிப் பறந்தவருக்கு இது எதற்கு?

ஏனென்றால், அவர் பிறந்த வீட்டில் இருந்தது ஜாஸ்தான். அப்பா ஜான் நெல்சன் மினியாபொலிஸ் நகரில் ஜாஸ் பியானோ வாசித்தவர். மேடையில் தனக்கு வைத்துக்கொண்ட 'பிரின்ஸ் ராஜர்ஸ்' என்ற பெயரையே 1958இல் பிறந்த மகனுக்கும் வைத்தார். அம்மாவும் ஜாஸ் பாடியவர். ஆகவே, பாப் நட்சத்திரம் ஒருவர் நடுவயதில் கௌரவத்துக்காக ஜாஸ் பக்கம் போனார் என்று இதை நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் இசைக்கு அவர் தன் வழியில் திரும்பிப் போனார்.

கருவிகளின்மேல் அவருக்கு இருந்த பிடிப்பும் தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் தானே 27 கருவிகள் வாசித்ததாகப் பட்டியல் போட்டுக்கொண்டவர் அவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அப்படியானால் 2003க்கு முன்னால் இதை முயன்றதில்லையா?

முயன்றார், ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டு. 1987இன் தொடக்கத்தில் 'மேட்ஹவுஸ்' என்ற குழுவின் பெயரில் '8' என்றோர் ஆல்பம் வந்தது. அதில் எட்டு இசைத்துண்டுகள். அவற்றின் பெயர்களும் 'ஒன்', 'டூ' என்று தொடங்கி 'எய்ட்' வரை வெறும் எண்கள்தான். உறையில் பிரின்ஸின் பெயர் கிடையாது. குழுவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட நால்வரில் மூவர் கற்பனை மனிதர்கள். நிஜமாக இருந்தவர் சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் லீட்ஸ் மட்டும். அவருடைய சாக்ஸஃபோனையும் புல்லாங்குழலையும் தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் வாசித்தவர் பிரின்ஸ்.

ஏன் மறைத்தார் என்று கேட்பீர்கள். புனைபெயர் அவருக்குப் பழக்கமான ஒன்றுதான். 'பேங்கிள்ஸ்' குழு பாடிப் புகழ்பெற்ற 'மேனிக் மண்டே' பாட்டையே 1986இல் 'கிறிஸ்டோஃபர்' என்ற பெயரில்தான் கொடுத்திருந்தார். ஆனால் இங்கே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். உறையில் அவர் பெயர் இருந்திருந்தால், கேட்கிற எல்லோரும் குரலைத்தான் தேடியிருப்பார்கள். இல்லாததால் வந்த பலனையும் பாருங்கள்: '8' ஆல்பத்தின் 'சிக்ஸ்' என்ற துண்டு, வரிகளே இல்லாமல், அமெரிக்காவின் கறுப்பின இசைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் '16' வந்தது. 'நைன்' முதல் 'சிக்ஸ்டீன்' வரை எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எதிலிருந்து தொடங்கலாம்?

'சிக்ஸ்' கேளுங்கள். சாக்ஸஃபோனில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) வரும். பாட்டில் பல்லவி செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது. பல்லவியைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த எவருக்கும் இது பிடிபடும். நீளமும் ஒரு சினிமாப் பாட்டு அளவுதான், பொறுமை தேவைப்படாது.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. வெறும் '8' என்று தட்டினால் எதெதுவோ வரும். 'மேட்ஹவுஸ்' என்று மட்டும் தட்டினாலும் சிக்கல்: மடோனாவின் 'லைக் எ பிரேயர்' பாட்டை 2002இல் நடன இசையாக்கிய வேறொரு குழுவுக்கும் ஏறக்குறைய அதே பெயர். குழுவின் பெயரோடு எரிக் லீட்ஸ் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 'என்.ஈ.டபிள்யூ.எஸ்.' பிரின்ஸின் சொந்தப் பெயரிலேயே வந்தது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மேட்ஹவுஸுக்கும் 'என்.ஈ.டபிள்யூ.எஸ்.' ஆல்பத்துக்கும் என்ன வேறுபாடு?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

'8' ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் டிரம்ஸ், பேஸ் கிட்டார் (அடித்தள ஒலி தரும் தடித்த தந்திக் கிட்டார்), விசைப்பலகை எல்லாம் ஒரே ஆளின் கை. முதலில் ஒன்றை வாசித்துப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசித்து மேலே சேர்த்திருக்கிறார். இதை ஓவர்டப்பிங் (பதிவான ஒலியின்மேல் இன்னொன்றைப் பதிவு செய்வது) என்பார்கள். கச்சிதமாக இருக்கிறது. ஆனால் டிரம்ஸ் ஏற்கெனவே பதிவாகி முடிந்துவிட்டது. பேஸில் புதிதாக ஒரு யோசனை வந்தால், அதைக் கேட்டு டிரம்ஸ் மாற முடியாது. ஜாஸின் உயிரே அந்தப் பதில்தான். எனக்கு '8' ரொம்பப் பிடிக்கும், இருந்தாலும் அது பெரும்பாலும் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஆல்பம். உண்மையில் எதிரே நின்று பேசுகிறவர் லீட்ஸ் ஒருவர்தான்.

2003இல் நிலைமை வேறு. மினியாபொலிஸ் அருகே சான்ஹாசன் என்ற ஊரில் பிரின்ஸ் கட்டிய பெய்ஸ்லி பார்க் வளாகத்தில், பிப்ரவரி 6ஆம் நாள், ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கிட்டாரும் விசைப்பலகையும் பிரின்ஸ், சாக்ஸஃபோன் மறுபடியும் லீட்ஸ். விசைப்பலகையில் பிரேசில்காரர் ரெனாட்டோ நெட்டோ, பேஸில் கனடாவின் ரோண்டா ஸ்மித், டிரம்ஸில் ஜான் பிளாக்வெல். இவர்களில் பலர் முந்தைய ஆண்டு அவரோடு நெடும் இசைப்பயணம் போய் வந்தவர்கள். கண்ணசைவிலேயே ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகியவர்கள். ஒரே நாளில் ஆல்பம் பதிவாகிவிட்டது. நான்கு துண்டுகள்: 'நார்த்', 'ஈஸ்ட்', 'வெஸ்ட்', 'சவுத்'. நான்கு திசைகளின் முதலெழுத்துகள்தான் ஆல்பத்தின் பெயர். ஒவ்வொன்றும் 14 நிமிடம்.

இதில் பிளாக்வெல்லைக் கவனியுங்கள். சாக்ஸஃபோன் ஒரு சொற்றொடரை முடிக்கும் இடத்தில் அவர் அடி மாறும். கிட்டார் சூடு பிடித்தால் அவரும் ஏறுவார், அது தணிந்தால் சிம்பலை மட்டும் தடவிக்கொண்டு காத்திருப்பார். 1987இல் இல்லாமல் போனது இதுதான். எல்லாவற்றையும் தானே வாசித்தே தீருவேன் என்றிருந்த மனிதர், மற்றவர்கள் வாசிக்கும்போது தன் கையைச் சும்மா வைத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கிட்டார் வாசிக்காத நிமிடங்கள்கூட எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

14 நிமிடம் நீளமில்லையா?

நீளம்தான், மறுக்கவில்லை. சில பகுதிகள் எங்கும் போகாமல் ஒரே இடத்தில் சுற்றுகின்றன. 'நார்த்' நிதானமாகத் தொடங்கும். அவசரத்தில் இருந்தால் ஓட்டல் வரவேற்பறை இசை மாதிரிகூடத் தோன்றலாம். ஆகவே ஆல்பத்தின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். ஃபங்க் தாளம் தூக்கலாக இருக்கும் 'சவுத்'தை முதலில் கேளுங்கள். காது பழகிய பிறகு 'நார்த்'துக்கு வாருங்கள்.

இன்னொன்று, கைப்பேசியின் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தர முடியாது. ரோண்டா ஸ்மித்தின் பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். பாட்டென்றால் குரலாவது மிஞ்சும். இங்கே பேஸ் போனால் தரையே போன மாதிரி. சாதாரண இயர்போன் போதும், விலை உயர்ந்தது எதுவும் வாங்க வேண்டாம்.

சங்கீதம் படிக்காதவருக்குப் புரியுமா?

புரியும். ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போங்கள். முதல் தடவை பேஸ் மட்டும். மற்றதெல்லாம் தானாகக் காதில் விழும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்த தடவை சாக்ஸஃபோன். இப்படி இரண்டு முறை கேட்டாலே, முதலில் மொத்தமாக ஓர் இரைச்சலாகத் தெரிந்தது ஐந்து தனி மனிதர்களாகப் பிரிந்து நிற்கும். ராகம், சுரம், பெயர் எதுவும் தெரிய வேண்டிய தேவை இல்லை.

இது அசல் ஜாஸ் இல்லை என்று சொல்லுகிறார்களே?

ஜாஸ் ரசிகர்கள் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. கிராமி விருதுக்காரர்களும் இதை 'பாப் வாத்திய ஆல்பம்' என்ற பிரிவில்தான் பரிந்துரைத்தார்கள், ஜாஸ் பிரிவில் இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் பக்கத்தில் வைத்தால் இந்த ஐவரின் கற்பனை அவ்வளவு தூரம் போகவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் மைல்ஸ் டேவிஸுக்கு பிரின்ஸ்மேல் பெரிய மதிப்பு இருந்தது. 1986இல் பிரின்ஸ் அவருக்கு ஒரு பாட்டு அனுப்பி, பிறகு தானே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பதிவு 2020இல்தான் வெளியே வந்தது. 1987 டிசம்பர் 31ஆம் நாள் பெய்ஸ்லி பார்க் மேடையில் பிரின்ஸ் குழுவோடு வந்து டிரம்பெட் வாசித்தார் டேவிஸ். அவருக்கு இல்லாத தயக்கம் நமக்கு வேண்டியதில்லை.

வாசிக்கப் போனதால் பாட்டுக்கு நஷ்டமா?

'என்.ஈ.டபிள்யூ.எஸ்.' அவருடைய ஆல்பங்களிலேயே மிகக் குறைவாக விற்றவற்றில் ஒன்று. ஆனால் அடுத்த ஆண்டே, 2004இல், 'மியூசிக்காலஜி' ஆல்பத்தோடு பெரிய அரங்குகளுக்குத் திரும்பிவிட்டார். வாத்திய இசை அவருடைய பாட்டை எதுவும் செய்துவிடவில்லை.

உங்களுக்கு லாபம் ஒன்று உண்டு. 'சவுத்'தில் பேஸைப் பின்தொடர்ந்து பழகிய காதோடு, 1984இன் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டை மறுபடி போடுங்கள். அதில் பேஸ் கிட்டாரே இல்லை. ஆட வைக்கும் ஒரு பாட்டிலிருந்து அவர் அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டார். அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு தனியாக, ஏதோ பறிகொடுத்த மாதிரி ஒலிக்கிறது என்பது இப்போது உங்களுக்கே கேட்கும்.

இதற்கு மேலும் போக விரும்பினால் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்' (1973) நல்ல அடுத்த படி. அதிலும் ஃபங்க் தாளமே முதுகெலும்பு. 'சவுத்' பிடித்தவர்களுக்கு முதல் துண்டே பிடித்துவிடும். மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் நீளம், இன்னும் கரடுமுரடு, நேரம் எடுத்துக்கொண்டுதான் பிடிபடும்.